ஓதுவார் மரபும் மனனக் கல்வியும்

சிவமயம்

சைவப் பாடசாலைகளிலே சமயபாடம் கற்பிக்கும் ஆசிரியர்களிடையே அடிக்கடி எழும் வினா ஒன்றுண்டு. பிள்ளைகள் தேவாரப் பதிகங்களை மனனஞ் செய்தல் இக்காலத்துக்கு வேண்டுமோ, அன்றி நூலைப் பார்த்து ஓதிப் பொருளை அறிந்துகொண்டால் அமையுமோ என்பதே அது. அச்சிட்ட நூல் எளிதிற் கிடைக்கின்றது. கைப்பேசியிலே பன்னிரு திருமுறையும் அடங்கிவிடுகின்றது. இந்நிலையில் மனனம் என்பது கிளிப்பிள்ளைக் கல்வி என்றும், அதனிற் செல்லுங் காலம் வீண்காலம் என்றும் கூறுவாரும் உளர். அவர் கூற்றை வாளா ஒதுக்கிவிடலாகாது. ஆராய்ந்தே விடைகாணல் வேண்டும்.

யானும் ஒருகாலத்தில் அக்கருத்தினனே. கிறித்தவ மிஷனார் தோற்றுவித்த பாடசாலை ஒன்றிலே பயின்றவன் யான். அங்கே கீதம் பாடும் வேளையில் ஒவ்வொருவர் கையிலும் கீதப்புத்தகம் இருக்கும். ஆசிரியர் எண்ணைச் சொன்னவுடன் பக்கத்தைத் திருப்புவோம். எல்லோரும் ஒரே குரலாய்ப் பாடுவோம். அவ்வொழுங்கு மிக நன்று. அதனைக் குறைகூறுதல் என் கருத்தன்று. ஆயினும், புத்தகம் கையிலிருக்க நினைவு எதற்கு என்னும் எண்ணம் என் உள்ளத்தே வேரூன்றியது அக்காலத்திலேயாம். ஆசிரியத் தொழில் ஏற்றபின்னும் அவ்வெண்ணம் என்னை விட்டிலது. அது பிழையென யான் அறிந்த வரலாற்றைப் பின்னர்க் கூறுவேன். அதன் முன், மனனத்தையே தொழிலாகவும் தொண்டாகவும் கொண்டு வாழும் ஒரு கூட்டத்தாரை, அவர்தம் கல்விமுறையோடு நோக்குவோம். அவரே ஓதுவார்.

ஓதுவாரின் கல்விப் பரப்பு

தமிழ்நாட்டுச் சிவாலயங்களிலே பூசைக்காலந்தோறும் திருமுன்னின்று திருமுறை பாடும் கடமை பூண்டவர் ஓதுவார் எனப்படுவர். அவர் பாடகர், ஆயின் அரங்கிலே பாடும் பாடகர் போல்வாரல்லர். கேட்போர் நிறைந்திருப்பினும், ஒருவருமின்றிக் கோயில் வெறிச்சோடியிருப்பினும், அவர் பாடியே ஆகவேண்டும். விளக்கொளி குன்றிய மண்டபத்திலே, கைகுவித்து நிற்கும்பொழுது, ஏடு பார்த்தற்கும் இடமில்லை.

அவர் நெஞ்சிலே தாங்கவேண்டிய பொருள் எத்துணைப் பெரிது என்பதை எண்ணிப் பார்மின். மூவர் தேவாரம் மட்டும் ஏறத்தாழ 800 பதிகங்கள். பாடல்கள் 8,000-க்கு மேற்பட்டன. பன்னிரு திருமுறையும் கூட்டின் 18,000 பாடல்களைக் கடக்கும். இவை முழுவதையும் நெஞ்சிற் கொண்டவர் அரியராயினும், பல நூறு பதிகங்களைப் பண்ணோடு பாடவல்ல ஓதுவார்கள் தலைமுறைதோறும் இருந்து வந்துள்ளனர்.

இத்துணையும் வேண்டுவதேன்? பூசைமுடிவிலே தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் என ஐந்து பாடல் ஓதினால் பஞ்சபுராணம் முடிந்ததே என்று நாம் எண்ணுகின்றோம். ஓதுவார்க்கு அவ்வளவில் அமைவதில்லை. அத்தலத்துக்குரிய பதிகம் வேறு; அந்நாளுக்கும் விழாவுக்கும் உரிய பாடல் வேறு. பண்களும் பகற்பண், இராப்பண், பொதுப்பண் என மூவகைப்படும். பொழுதறிந்து பண்ணைத் தேர்ந்து, பண்ணறிந்து பதிகத்தைத் தேர்ந்து பாடுதலே மரபு. வேண்டும்போது வேண்டுவது நாவில் வந்து நிற்றற்குப் பெருங்களஞ்சியம் உள்ளே இருத்தல் வேண்டுமன்றோ?

கல்வெட்டுக்கள் கூறுவன

இம்மரபின் பழைமைக்குக் கல்வெட்டுக்களே சான்று. கோயிலிலே திருப்பதியம் பாடுவாரைப் பல்லவர் காலத்துத் திருவல்லம் கல்வெட்டு ஒன்பதாம் நூற்றாண்டிலேயே குறிப்பிடுகின்றது. முதலாம் இராசராச சோழன் (ஆட்சி 985–1014) தஞ்சைப் பெரியகோயிலிலே திருப்பதியம் விண்ணப்பஞ் செய்யப் பிடாரர் 48 பேரையும், அவர்க்குத் துணையாக உடுக்கை வாசிப்பான் ஒருவன், கொட்டிமத்தளம் வாசிப்பான் ஒருவன் ஆக இருவரையும் நியமித்தான். இவர்க்கு ஆள்வீதம் நாடொறும் முக்குறுணி நெல் அளக்கப்பட்டது. இவருள் ஒருவர் இறப்பினும் நீங்கினும் அவர்க்கு அடுத்த முறைகடவார் அந்நெற்பெற்றுப் பாடவேண்டும் என்றும், அவர் தாம் தகுதியுடையரல்லராயின் தகுதியுடைய வேறொருவரைக் கொண்டு பாடுவித்தல் வேண்டும் என்றும் அக்கல்வெட்டு விதிக்கின்றது. இவ்விதியை ஆசிரியர்கள் ஊன்றி நோக்குக. நெல்லுக்கு உரிமை பிறப்பால் வரலாம். பாட்டுக்கு உரிமை பயிற்சியாலன்றி வாராது என்று அரசன் தெளிந்திருந்தான்.

திருவாமாத்தூர்க் கல்வெட்டொன்று இன்னும் வியப்புடையது. அக்கோயிலிலே திருப்பதியம் பாடக் கண்ணிலார் பதினாறுபேர் அமர்த்தப்பட்டனர். அவர்க்குக் கண்காட்டுவார் இருவரும் அமர்த்தப்பட்டனர். ஏட்டை ஒருநாளும் பார்த்திலாத பதினாறுபேர் இறைவன் திருமுன் நின்று பிழையின்றிப் பாடினர் எனின், அவர் கற்றது செவியாலும் மனனத்தாலுமே என்பதிற் சந்தேகமில்லை. கண்ணில்லாமையைக் குறையென்று தள்ளாது, செவிக்கல்வியின் ஆற்றலை அறிந்து அவர்க்கு வாழ்வளித்த அக்கால மக்களின் அறிவு போற்றத்தக்கது.

ஓதுவார் தொழில் பழங்கதையாய் ஒழிந்ததன்று. தருமபுர ஆதீனம் முதலிய திருமடங்கள் தேவாரப் பாடசாலைகளை நடாத்தி வந்துள்ளன. தண்டபாணி தேசிகர் (1908–1972) திருச்செங்காட்டங்குடியிலே ஓதுவார் மரபிலே தோன்றி, இளமையிற் கற்ற அத்தேவாரப் பயிற்சியையே அடிப்படையாகக் கொண்டு இசையரங்கிலும் திரைப்படத்திலும் புகழ்பெற்று, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலே இசைப் பேராசிரியராகவும் விளங்கினார். 2021ஆம் ஆண்டிலே தமிழக அரசு சென்னையை அடுத்த மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் கோயிலிலே பெண்மணி ஒருவரை ஓதுவாராக நியமித்தது.

நினைவில் நிற்கும் வகை

இனி, இத்துணைப் பாடல்களும் ஒருவர் நெஞ்சில் எங்ஙனம் நிற்கின்றன என்பதை ஆராய்வோம். இஃது ஆசிரியராகிய நமக்கு மிக வேண்டப்படுவது.

முதலாவது, பண்ணும் கட்டளையும். எண்ணூறு பதிகத்துக்கும் எண்ணூறு இசை இல்லை. தேவாரப் பண்கள் இருபதுக்குச் சற்று மேற்பட்டனவே. ஒரு பண்ணில் அடங்கிய பதிகங்கள் யாப்பமைதி பற்றிச் சில கட்டளைகளாக வகுக்கப்படும். ஒரு கட்டளையின் இசையும் தாளமும் கைவரப் பெற்றவன், அக்கட்டளையில் அமைந்த ஏனைப் பதிகங்களையும் அவ்வழியே பாடவல்லனாவான். ஆகவே ஓதுவார் கற்பது தனித்தனி மணிகளையன்று; மணிகளைக் கோத்த நூலையே முதற்கண் கற்கின்றார்.

இரண்டாவது, பதிகத்தின் உள்ளமைப்பு. திருஞானசம்பந்த சுவாமிகளின் பதிகங்கள் பெரும்பாலும் பதினொரு பாடல் உடையன. அவற்றுள் எட்டாம் பாடலிலே இராவணனை அடக்கி அருளியமையும், ஒன்பதாம் பாடலிலே மாலும் அயனும் தேடிக் காணாமையும், பத்தாம் பாடலிலே சமணர் சாக்கியர் பற்றிய செய்தியும், பதினோராவதாகிய திருக்கடைக்காப்பிலே தம் பெயரும் பதிகப்பயனும் வருதல் பெருவழக்கு. இவ்வமைப்பை அறிந்த பிள்ளை இடையிலே மயங்கினும் தான் நிற்கும் இடத்தை அறிந்துகொள்வான். படி எண்ணி ஏறுவான் இருளிலும் இடறான்.

மூன்றாவது, எதுகையும் மோனையும், பாட்டுத்தோறும் திரும்பி வரும் ஈற்றடியும். இவை செய்யுளுக்கு அழகு மட்டுமல்ல. நினைவுக்குக் கட்டிய கைப்பிடிகளுமாம். முதற்சீர் வாய்த்துவிடின் அடுத்த அடியின் முதற்சீர் தானே வந்து நிற்கும்.

நான்காவது, ஓதும் முறை. ஆசிரியர் ஓரடியைப் பாட, மாணவர் அதனைத் திருப்பிப் பாடுவர். வேதமும் திவ்வியப் பிரபந்தமும் கற்போர் இம்முறையைச் சந்தை என்பர். தாளத்தோடு பாடுவது பண்ணாங்கம். தாளமின்றி விரித்துப் பாடுவது சுத்தாங்கம். இருவகையிலும் பாடிப் பழகியபின், ஒரு பாடல் இரு வேறு வாயில்களால் நினைவிற் புகுந்ததாகின்றது.

பிறநாட்டார் வழக்கொன்றையும் இங்கே ஒப்புநோக்குதல் பயனுடைத்து. மில்மன் பாரி என்னும் அமெரிக்க அறிஞர் 1933 முதல் 1935 வரை யூகோசிலாவியா நாட்டிலே கதைப்பாட்டுப் பாடுவாரை ஆராய்ந்தார். அவருள் அவ்தோ மெதெதோவிச் என்பார் எழுத்தறியாதவர். எனினும் 12,000 அடிக்கு மேற்பட்ட கதைப்பாட்டு ஒன்றைப் பாடினார். ஆயின் அப்பாடகர்கள் பாடுந்தோறும் கதையைப் புதிதாகக் கட்டிப் பாடுவாரேயன்றி, முன்பாடிய சொல்லையே மீளச் சொல்வாரல்லர் என்பது பாரியும் அவர் மாணாக்கர் ஆல்பர்ட் லார்டும் கண்ட முடிபு. ஓதுவார் நிலை இதனின் வேறு. அவர் ஓரெழுத்தையும் மாற்ற உரிமையிலர். அவர் ஆற்றல் புதிது புனைவதிலன்று. பெற்றதைப் பெற்றவாறே கையளிப்பதில் உள்ளது. இரண்டும் அரிய கலையே. ஆயின் நம் மரபு வேண்டுவது இரண்டாவதையாம்.

ஏடும் மிடறும்

மனனத்தையே போற்றி நூலை இகழ்தல் என் கருத்தென்று கருதற்க. திருமுறை வரலாறே அதனை மறுக்கும். தில்லையிலே பூட்டப்பட்ட அறையிலிருந்து, செல்லரித்தவை போக எஞ்சிய ஏடுகளை இராசராசனும் நம்பியாண்டார் நம்பியும் மீட்டனர் எனத் திருமுறைகண்ட புராணம் கூறும். அவ்வேடுகள் இலவாயின் சொற்கள் நமக்குக் கிடைத்திரா. ஆயின் ஏடு கிடைத்தபின்னும் பண் கிடைத்திலது. திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபிலே திருஎருக்கத்தம்புலியூரில் இருந்த ஒரு பெண்மணியைக் கொண்டே பண் வகுக்கப்பட்டது என்று அப்புராணமே கூறுகின்றது. சொல்லைக் காத்தது ஏடு. இசையைக் காத்தது ஒரு பெண்ணின் மிடறு. இவ்வொரு வரலாறு நம் வினாவுக்குப் பாதி விடையாம்.

நாவலர் பெருமான் (1822–1879) மிஷன் பாடசாலையிலே கற்றும் கற்பித்தும், அவர்தம் வகுப்பு முறையையும் அச்சுக்கலையையும் நன்கறிந்து, 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தோற்றுவித்தார். பிழையற்ற அச்சு நூல்கள் நம் கைக்கு வந்தது அவர் வழியாலேயாம். அந்நன்றியை மறவோம். ஆயினும் அச்சு நூல் பாடாது. பாடுவான் ஒருவன் வேண்டும். தமிழ்நாட்டிலே அக்கடமையை ஓதுவார் ஏற்றனர். ஈழத்திலோ ஊதியம் பெறும் ஓதுவாரையுடைய கோயில்கள் மிகச் சிலவே. பெரும்பாலும் அடியார்களும் பாடசாலைப் பிள்ளைகளுமே ஓதுகின்றனர். ஆகவே இந்நாட்டிலே ஓதுவாரை உண்டாக்கும் பொறுப்பு வேறெவர்க்குமன்றிச் சைவாசிரியராகிய நமக்கே உரியதாகின்றது.

கோணமலைப் பதிகம்

மற்றைப் பாதி விடையை யான் பெற்றது என் ஊர்க் கதையால்.

சம்பூர் கொட்டியாரக் குடாவின் தென்கரையிலே உள்ளது. எங்கள் கடற்கரையில் நின்று நோக்கின், நீர்ப்பரப்புக்கு அப்பால் கோணமலை தோன்றும். சம்பந்த சுவாமிகள் ஈழத்துக்கு எழுந்தருளாமல், இராமேசுவரத்திலிருந்தே இக்கோணமலையையும் திருக்கேதீச்சரத்தையும் நினைந்து பாடினார் என்பது பெரியபுராணம். கடலுக்கு இக்கரையிலிருந்து அக்கரையைப் பாடிய அப்பதிகம், குடாவுக்கு இக்கரையிலுள்ள எங்களுக்குத் தனியுரிமை உடையது போலத் தோன்றும். மூன்றாந் திருமுறையிலே, பகற்பண்களுள் முதலாகிய புறநீர்மையிலே அஃது அமைந்துள்ளது. 1620-களிலே போர்த்துக்கேயர் அப்பெருங்கோயிலை இடித்தனர். 1950இலே திருவுருவங்கள் சில நிலத்திலிருந்து கிடைத்தன. 1963இலே குடமுழுக்கு நிகழ்ந்தது. கற்கோயில் இல்லாதிருந்த அம்முந்நூறாண்டுக் காலத்தும் பதிகம் இருந்தது. அதனை எவரும் தோண்டியெடுக்க வேண்டியதாயிற்றில்லை.

2006ஆம் ஆண்டிலே போரினால் யாங்கள் ஊரை விட்டு நீங்கினோம். உடுத்த உடையோடு சென்றோர் பலர். என் வீட்டிலிருந்த திருமுறைப் பதிப்புக்களும், யான் எழுதிவைத்த பாடக்குறிப்புக்களும் அங்கேயே கிடந்தன. பல இடம் அலைந்து, முடிவிலே கிளிவெட்டி முகாமிலே தங்கினோம். மாலைவேளையிலே பிள்ளைகளை ஒரு மரநிழலிலே கூட்டிப் பாடஞ் சொல்லுதல் என் வழக்கம். ஒருநாள் சிறுமி ஒருத்தி, "கோணமலைத் தேவாரம் சொல்லித் தாருங்கள், சேர்" என்றாள். யான் தொடங்கினேன். முதற்பாடல் வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவதிலே இடறி நின்றேன். கடைசிப் பாடல் நினைவிலிருந்தது, இடையிலுள்ளவை இல்லை. இருபதாண்டளவு பாடஞ் சொன்ன எனக்கு, பரீட்சை வினாத்தாளில் வருவன மட்டுமே வாயில் இருந்தன. நூல் கையில் இருந்த நாளெல்லாம் அக்குறை எனக்குத் தெரிந்திலது.

அயற்கொட்டிலிலே எங்கள் ஊர் முதிய கமக்காரர் ஒருவர் இருந்தார். கையெழுத்து வைக்க மட்டும் எழுத்தறிந்தவர். அவர் எழுந்து வந்து, "வாத்தியார், நான் சொல்லட்டோ?" என்று கேட்டு, என் மறுமொழிக்கும் காத்திராமல், முதலிலிருந்து முடிவுவரை பண்ணோடு பாடினார். ஆறாம் பாடல் முடிந்தவுடன் கையிலே ஒரு தாள வட்டம் போட்டு வாளாவிருந்து, பின்பு இராவணனைப் பற்றிய எட்டாம் பாடலை எடுத்தார். பாடி முடிந்தபின், "ஐயா, நடுவிலே நிறுத்தியது மூச்சுக்காகவோ?" என்று வினவினேன். "இல்லை, வாத்தியார். அந்த இடத்தில் ஒரு பாட்டு இருந்ததாம், இப்போது இல்லையாம். என் தகப்பனார் அங்கே ஒரு வட்டம் விட்டுத்தான் பாடுவார். நானும் விடுகிறேன்" என்றார்.

அவர் கூறியது உண்மை. கோணமலைப் பதிகத்திலே இன்று நம் கையில் உள்ளவை 10 பாடல்களே. ஏழாம் பாடல் சிதைந்துபோயிற்று. பதிப்புக்களிலே சிறிய எழுத்தில் அச்சிட்ட அக்குறிப்பை யான் பலமுறை கண்டு கடந்து சென்றிருக்கிறேன். எழுதப்படிக்க அறியாத அம்முதியவரோ அவ்விழப்பையும் ஓர் உடைமை போலத் தந்தையிடமிருந்து பெற்று, அதனையும் தாளத்தோடு காத்து வந்தார். ஏடு தவறிய இடத்தில் அப்பாடலை நெஞ்சிற் கொண்டார் ஒருவரும் எஞ்சாமையால் ஏழாம் பாடல் போயிற்று. ஏனைப் பத்தும் அன்று எங்களுக்குக் கிடைத்தது ஒருவர் நெஞ்சில் இருந்தமையால்.

அச்சிறுமியும் ஏனைப் பிள்ளைகளும் அம்மாதத்துக்குள்ளே பத்துப் பாடலையும் அவரிடம் பாடம் பண்ணினர். யானும் அவர்களோடு இருந்து கற்றேன். ஐம்பதை அணுகாத வயதிலே மாணாக்கனாய் மண்ணில் அமர்ந்தமை குறித்து வெட்கமில்லை. அதுவரை அமராமைக்கே வெட்கம். 2015ஆம், 2016ஆம் ஆண்டுகளிலே காணிகள் விடுவிக்கப்பட்டு ஊர் திரும்பியபோது நூல்கள் ஒன்றும் கிடைத்தில. பதிகம் எங்களோடு திரும்பியது.

ஆசிரியர் செய்யத்தக்கவை

இவற்றால் யான் துணிந்து, என் வகுப்பிலே கைக்கொண்டு வருவனவற்றைச் சுருக்கிக் கூறுவேன்.

1. நூலைத் திறக்குமுன் செவியைத் திறப்பிக்க. ஒரு பாடலைப் பிள்ளைகள் கேட்டுத் திருப்பிப் பாடியபின்னரே எழுத்தைக் காட்டுக.

2. பல பதிகங்களின் முதற்பாடலைக் கற்பித்தலினும், ஒரு பதிகத்தை முற்றக் கற்பித்தல் நன்று. தவணைக்கு ஒரு பதிகம் போதும். ஆறாம் வகுப்பில் தொடங்கிய பிள்ளை பதினோராம் வகுப்பை முடிக்கும்பொழுது பதினெட்டுப் பதிகம் உடையவனாவான்.

3. முதற்பதிகம் தம் ஊர்க்கு அணிய தலத்ததாகுக. திருகோணமலைப் பிள்ளைக்குக் கோணமலையும், மன்னார்ப் பிள்ளைக்குக் கேதீச்சரமும் முற்படுக.

4. பண்ணோடு கற்பிக்க. ஆசிரியர்க்குப் பண் வாராதாயின் நாணவேண்டுவதில்லை. தருமபுரம் ப. சுவாமிநாதன் முதலிய ஓதுவார்கள் பாடிய ஒலிப்பதிவுகள் உள்ளன; அவற்றைக் கேட்பித்துத் தாமும் உடனிருந்து கற்க. ஊரிலே பாடவல்ல முதியோர் இருப்பின் அவரை வகுப்புக்கு அழைத்தல் அதனினும் நன்று.

5. தாளத்தைக் கையாற் போடுவிக்க. இருவரை எதிரெதிர் நிறுத்தி, ஒருவன் ஓரடியும் மற்றவன் அடுத்த அடியும் பாடச் செய்க. மறதி எங்குள்ளது என்பது அப்பொழுதே வெளிப்படும்.

6. பொருளைப் பின்னர்க் கூறுக; கூறாமல் மட்டும் விடற்க. கிளிப்பிள்ளைக் கல்வி என்னும் குற்றச்சாட்டு மனனத்துக்கு உரியதன்று. மனனத்தோடு நின்றுவிடும் ஆசிரியனுக்கே உரியது. பன்னிரண்டு வயதிலே நெஞ்சிற் கொண்ட பாடலின் பொருள் நாற்பது வயதிலே துன்பம் வந்துற்ற பொழுதில் விளங்குவதுமுண்டு. ஆயின் விளங்குவதற்கு அஃது அங்கே இருத்தல் வேண்டுமன்றோ?

7. பரீட்சைக்கு எழுதுவித்தலோடு அமையற்க. செவியாலும் தேர்க. ஒரு பிள்ளை காலைப் பிரார்த்தனையிலே நூலின்றி ஒரு பதிகம் பாடுதல், வினாத்தாளிலே பெறும் புள்ளியினும் பெரிய தேர்ச்சியாகும்.

ஓதுவாரைப் போலப் பல நூறு பதிகம் கற்பித்தல் நம்மால் இயலாது. அது வாழ்நாட் பயிற்சி. ஆயினும் ஒவ்வொரு சைவப் பாடசாலையும் தன் ஊர்ப் பதிகம் ஒன்றையேனும் பத்துப் பிள்ளைகளின் நெஞ்சிலே முழுமையாக வைக்குமாயின், அது தீயாலும் நீராலும் போராலும் அழிவதன்று. எங்கள் பிள்ளைகள் கோணமலைப் பதிகத்தை ஓதும்பொழுது ஆறாம் பாடலின் பின் ஒரு தாள வட்டம் விட்டே ஓதுகின்றனர். ஏனென்று கேட்பார்க்கு அவர்களே விடை கூறுவர். அம்முதியவர் இன்று இல்லை. அவர் விட்ட அவ்வொரு வட்டம் இருக்கின்றது. இனி எட்டாவது ஒன்று போகாமற் காப்பது நம் கடன்.

கோணநாதப் பெருமான் திருவருள் துணைநிற்க.

திருச்சிற்றம்பலம்